விடை 2.5 மில்லிமீட்டர்: கணினியில் ஓர் உத்தரத்தை வளைத்துப் பார்க்கும் முறை

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2.5 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுச் சட்டத்தை இரு முனைகளிலும் தாங்கவிட்டு, மேலே இரண்டு டன் எடையைச் சீராகப் பரப்பினால், அதன் நடுப்பகுதி அவ்வளவு கீழே இறங்கும். மென்பொருளை இன்னும் திறக்கவில்லை, விடை மட்டும் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவதெல்லாம், அந்த 2.5ஐ மென்பொருளின் வாயிலிருந்து வரவழைப்பதுதான்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரைகிறார்கள், பொத்தான்களை அழுத்துகிறார்கள், நீலமும் சிவப்புமாக ஒரு படம் வருகிறது, அதில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிவிடுகிறார்கள். தப்பான கேள்விக்கும் அதே அழகான படம்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஓர் இயந்திரத்தைச் சுமக்கும் சட்டத்துக்கு நான் எடுத்துப்போன விடையைப் பார்த்த மூத்த பொறியாளர், திரையை ஏறிட்டும் பார்க்காமல் கேட்டார்: "தம்பி, இந்தச் சட்டம் கட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறதா, கட்டைக்குள் புதைந்திருக்கிறதா?" நான் புதைத்து வைத்திருந்தேன். உண்மையில் அது உட்கார்ந்திருந்தது. என் விடை ஐந்து மடங்கு குறைவு.

ஒரு சொல்லைப் பற்றி: பாடப்புத்தகங்களில் 'விலக்கம்' என்று இருக்கும். பட்டறையில் 'தொய்வு' என்றால்தான் சட்டென்று புரியும். இங்கே தொய்வு என்றே எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

நம்முடைய சட்டம் 2000 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். உள்ளே வெற்றிடமில்லாத செவ்வக எஃகு. கடையில் கிடைக்கும் ஐ வடிவச் சட்டத்தை எடுக்காததற்குக் காரணம், கைக்கணக்கு சுத்தமாக வரவேண்டும் என்பதுதான். ஐ வடிவத்தில் உள் மூலை வளைவுகளும் விளிம்புப் பலகையின் சரிவும் சேர்ந்து முதல் பாடத்தைக் குழப்பிவிடும்.

சுமை, மீட்டருக்கு 10 கிலோநியூட்டன். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன். மொத்தம் 20,000 நியூட்டன்; ஏறக்குறைய இரண்டு டன்.

குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண் நிலைமத் திருப்புத்திறன்: அகலம் × உயரத்தின் மும்மடி ÷ 12. நம் கணக்கில் 50 × 100 × 100 × 100 ÷ 12 = 41,66,667 மி.மீ.⁴. இதில் உயரம் மூன்று முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். அதே சட்டத்தைப் படுக்க வைத்தால் நான்கு மடங்கு அதிகமாகத் தொய்யும். பலகையைக் குப்புறப் போட்டு நடந்தால் வளைகிறது, நிமிர்த்தி வைத்தால் வளைவதில்லை என்பது தச்சர்களுக்கு எந்தச் சூத்திரமும் இல்லாமலே தெரியும்.

எஃகின் யங் குணகத்தை, அதாவது அந்தப் பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்ணை, 2,00,000 மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்) என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் புதையாமல் வெறுமனே உட்கார்ந்து, சுமை சீராகப் பரவிய சட்டத்தின் நடுத் தொய்வு:

5 × சுமை × நீளம்⁴ ÷ (384 × யங் குணகம் × நிலைமத் திருப்புத்திறன்)

நீளத்தின் நான்மடி 16 லட்சம் கோடி. அதை 10ஆலும் 5ஆலும் பெருக்கினால் மேலே 8 கோடி கோடி. கீழே 384 × 2,00,000 × 41,66,667 என்பது 3.2 கோடி கோடி. வகுத்தால் 2.5 மி.மீ.

இதே காகிதத்தில் இன்னும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாங்கியிலும் எதிர்விசை 10,000 நியூட்டன். நடுவில் அடிப்பக்க இழுவிசைத் தகைவு (ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு தாங்கும் விசை) 60 மெகாபாஸ்கல். வளைவுத் திருப்புத்திறன் (சுமை × நீளம்² ÷ 8) 50 லட்சம் நியூட்டன்-மி.மீ.; அதைக் குறுக்குவெட்டின் மட்டுக் குணகமான (நிலைமத் திருப்புத்திறன் ÷ உயரத்தில் பாதி) 83,333ஆல் வகுத்தால் வருவது அது.

மென்பொருள்

அன்சிஸ், அபாகஸ் போன்றவை கல்லூரியிலோ அலுவலகத்திலோ உரிமத்தோடு கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நான் இங்கே ஃப்ரீகேட்டை எடுத்துக்கொள்கிறேன். இலவசம், திறமூலம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். அதற்குள் ஃபெம் என்று ஒரு பணிப்பகுதி இருக்கிறது; உருவத்தைச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையின் சுருக்கப் பெயர் அது. ஃப்ரீகேட் வரைகிறது, ஜிமெஷ் என்ற நிரல் உருவத்தைத் துண்டு போடுகிறது, கால்குலிக்ஸ் என்ற நிரல் கணக்கைத் தீர்க்கிறது. கால்குலிக்ஸ் ஜெர்மனியில் விமான இன்ஜின் துறையில் பணிபுரிந்த பொறியாளர்கள் எழுதியது. விளையாட்டுப் பொம்மை அல்ல. பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் இடம் மாறும், பெயரும் கொஞ்சம் மாறும். கீழே உள்ள வரிசை மாறாது.

படி 1: வரைதல்

பார்ட் பணிப்பகுதிக்குப் போய், கனசதுரப் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்கப் பட்டியலில் நீளம் 2000, அகலம் 50, உயரம் 100 என்று மாற்றுங்கள். கோப்பைச் சேமியுங்கள். வேறொன்றும் இல்லை. நீளம் எக்ஸ் திசையில், அகலம் ஒய் திசையில், உயரம் இசட் திசையில் இருக்கும்; இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 2: பொருள்

ஃபெம் பணிப்பகுதிக்கு மாறி, அனாலிசிஸ் கன்டெய்னர் என்பதை உருவாக்குங்கள். இனி சேர்ப்பதெல்லாம் அந்தக் கூடைக்குள் விழும். திடப்பொருளுக்கான மெட்டீரியல் பொத்தானை அழுத்தினால் ஆயத்தமாகப் பல எஃகு அட்டைகள் இருக்கும். ஓர் அட்டையில் 200 ஜிகாபாஸ்கல், இன்னொன்றில் 210 என்று இருக்கலாம். எதை எடுத்தாலும் எண்ணைக் கண்ணால் பார்த்து, யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்கும் என்பது) 0.3 என்று நீங்களே அடித்துவிடுங்கள். 210ஐ விட்டுவைத்தால் விடை 2.38 ஆகும், அப்புறம் அந்த 0.12 எங்கே போயிற்று என்று அரை நாள் தேட வேண்டியிருக்கும்.

அலகையும் சேர்த்தே தட்டச்சு செய்வது நல்ல பழக்கம். கால்குலிக்ஸுக்கு அலகு என்று ஒன்று கிடையாது, அது எண்களை மட்டும் பார்க்கிறது. மீட்டரும் மில்லிமீட்டரும் கலந்தால் ஆயிரத்தின் மடங்குகளில் தப்பு வரும். அப்படிப்பட்ட தப்பு ஒருவகையில் நல்லது: சட்டம் 2.5 கிலோமீட்டர் தொய்ந்திருக்கிறது என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். ஆபத்தானவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தப்புகள்தான். அவை எங்கே பிறக்கின்றன என்பது அடுத்த படியில்.

படி 3: தாங்கிகள்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். நான் பார்த்த தப்பான விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு படியில் உண்டானவை.

ஃபிக்ஸட் என்ற பொத்தான் கண்ணில் படும்படி இருக்கும். புதியவர் இயல்பாக இடது முனை முகத்தைத் தேர்ந்தெடுத்து ஃபிக்ஸட், வலது முனை முகத்தைத் தேர்ந்தெடுத்து ஃபிக்ஸட் என்று போட்டுவிடுவார். இரு பக்கமும் தாங்கியாயிற்று என்று அவர் நினைக்கிறார். மென்பொருளுக்கு அது வேறொரு செய்தி: இரண்டு முனைகளும் அசைக்க முடியாத பாறைக்குள் வார்க்கப்பட்டிருக்கின்றன, முனை சற்றும் சாய முடியாது.

நமக்கு வேண்டியது உட்கார்ந்திருக்கும் சட்டம். சுமை ஏறும்போது அதன் முனைகள் மெல்லச் சாயவேண்டும். ஆகவே முகங்களைத் தொடாதீர்கள். டிஸ்பிளேஸ்மென்ட் என்ற எல்லை நிபந்தனையைத் திறந்து, இடது முனையின் அடி விளிம்பை மட்டும், அந்த 50 மி.மீ. கோட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். எக்ஸ், ஒய், இசட் மூன்று திசைகளுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மூன்றையும் பூஜ்யத்தில் பூட்டுங்கள். பிறகு இன்னொரு டிஸ்பிளேஸ்மென்ட் நிபந்தனை: வலது முனையின் அடி விளிம்பு, இசட் மட்டும் பூட்டு, எக்ஸும் ஒய்யும் திறந்திருக்கட்டும்.

வலது முனையில் எக்ஸை ஏன் திறந்துவிட வேண்டும்? சட்டம் தொய்யும்போது அதன் அடிப்பக்கம் நீள்கிறது. நம் கணக்கில் முனைகள் ஒவ்வொன்றும் 0.004 ரேடியன் சாய்கின்றன. அதனால் வலது அடி விளிம்பு வெளிப்பக்கமாக 0.4 மி.மீ. நகரும். ஒரு தடித்த அட்டையின் கனம் அளவு. இதைப் போய் யார் கவனிப்பார்கள் என்று தோன்றும். எக்ஸையும் பூட்டிப் பாருங்கள்: அந்த 0.4 மில்லிமீட்டரைத் தடுத்து நிறுத்தத் தாங்கி 50,000 நியூட்டன் விசையோடு சட்டத்தை உள்நோக்கி அழுத்த வேண்டியிருக்கிறது. செங்குத்தாகத் தாங்குவது 10,000தான். பக்கவாட்டில் அழுத்துவது அதைப் போல் ஐந்து மடங்கு. அந்த அழுத்தம் அடி விளிம்பில் விழுவதால் சட்டத்தை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கிறது. வில்லில் நாண் ஏற்றியதுபோல. தொய்வு 2.5லிருந்து 1.0 மி.மீ.க்கு இறங்கிவிடும்.

இதை நான் முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது வந்த எண்கள் இன்றைக்கும் எனக்குப் பிடித்தமானவை. செவ்வகக் குறுக்குவெட்டுள்ள ஒல்லியான சட்டத்துக்கு, சுமை சீராகப் பரவியிருந்தால்:

ஒரு முனை நகர விட்டால், 384இல் 5 பங்கு. நமக்கு 2.5 மி.மீ.
இரண்டு அடி விளிம்புகளையும் நகரவிடாமல் பூட்டினால், 384இல் 2 பங்கு. 1.0 மி.மீ.
இரண்டு முனை முகங்களையும் புதைத்துவிட்டால், 384இல் 1 பங்கு. 0.5 மி.மீ.

ஐந்து, இரண்டு, ஒன்று. ஒரே சட்டம், ஒரே சுமை, ஒரே எஃகு. மாறியது முனைகளில் எத்தனை கட்டங்களை 'டிக்' செய்தோம் என்பது மட்டும்.

உண்மையான கட்டுமானத்தில் அந்த 50,000 நியூட்டனைக் கொடுக்கச் சுவரில் யாரும் இல்லை. சட்டம் செங்கல்மேல் கொஞ்சம் வழுக்கும், போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளியில் நகரும். மேம்பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே கருப்பாக ரப்பர் திண்டுகள் தெரியும். முனை சாய்வதற்கும் நகர்வதற்கும் இடம் கொடுக்கத்தான் அவை.

படி 4: சுமை

பிரஷர் லோடைத் திறந்து மேல் முகத்தைத் தேர்ந்தெடுங்கள். மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் என்பதை 50 மி.மீ. அகலத்தால் வகுத்தால் 0.2 மெகாபாஸ்கல். அம்புகள் முகத்தை நோக்கிக் கீழே பாய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திசையைத் திருப்பும் கட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

சட்டத்தின் சொந்த எடையை நாம் சேர்க்கவில்லை. மீட்டருக்கு 39 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சேர்த்தால் தொய்வு இன்னும் 0.1 மி.மீ. கூடும். காகிதத்தில் விட்டதைக் கணினியிலும் விடவேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும். இரண்டும் ஒத்துப்போன பிறகு புவியீர்ப்புச் சுமையைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 5: மெஷ்

இந்தத் திடமான சட்டத்தைக் கணினி அப்படியே புரிந்துகொள்ளாது. அதைச் சின்னச் சின்ன நான்முகத் துண்டுகளாக உடைத்து, துண்டுகளின் மூலையிலுள்ள கணுக்கள் எவ்வளவு நகர்கின்றன என்று சமன்பாடு போடும். ஜிமெஷ் பொத்தானை அழுத்தி, துண்டின் அதிகபட்ச அளவாக 25 மி.மீ. கொடுங்கள். அதை பூஜ்யமாக விட்டால் நிரல் தானே முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவு நமக்கு உதவாது.

எலிமென்ட் ஆர்டர் என்று ஒரு தேர்வு இருக்கும். இரண்டாம் படி (செகண்ட் ஆர்டர்) என்பதையே வைத்திருங்கள். முதல் படித் துண்டுகளுக்குப் பக்கங்கள் எப்போதும் நேர்கோடுதான், வளையத் தெரியாது. வளைவை அவற்றால் கட்டினால் சட்டம் இல்லாத விறைப்பைக் காட்டும், தொய்வு 2.5ஐ எட்டாமலே நின்றுவிடும். இரண்டாம் படித் துண்டுகளுக்குப் பக்கங்களின் நடுவிலும் கணு உண்டு, அவை வளையும். கணக்கு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாவிட்டால் அதே அளவில் முதல் படியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பின்னால் உங்களுக்கு வரும் ஏதோ ஒரு கோப்பில் அந்த விறைப்பை அடையாளம் காண இது உதவும்.

துண்டு போடுவதில் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கருக்கு அருகே, ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகக் கடலில் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுவர் பிளந்தது, முழுவதும் மூழ்கியது. வடிவமைப்பின்போது செய்த ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் அந்தச் சுவர்ப் பகுதி சரியாகத் துண்டு போடப்படாததால், அங்கே ஷியர் தகைவு (ஒரு பகுதியை அடுத்த பகுதியின்மேல் நழுவச் செய்யும் தகைவு) 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். அதாவது முறையில் பிழை இல்லை. அதைக் கையாண்ட விதத்தில்தான்.

படி 6: ஓட்டுதல்

இடப்பக்க மரப் பட்டியலில் கால்குலிக்ஸ் தீர்ப்பானை இருமுறை சொடுக்கி, முதலில் உள்ளீட்டுக் கோப்பை எழுதச் சொல்லுங்கள், பிறகு ஓட்டுங்கள். சில விநாடிகள் ஆகும்.

பிழைச் செய்தி வந்தாலோ, விடை கோடிக்கணக்கில் வந்தாலோ, பெரும்பாலும் சட்டம் எங்கோ பிடிப்பில்லாமல் மிதக்கிறது என்று பொருள். வெளியுலகில் உராய்வாவது பிடித்துக்கொள்ளும். இங்கே நாம் பூட்டாத திசையில் சட்டம் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி, ஆக ஆறு. நம் இரண்டு விளிம்புகள் இந்த ஆறையும் எப்படித் தடுக்கின்றன என்று ஒருமுறை விரலால் காற்றில் வரைந்து பாருங்கள், சிரமமில்லாமல் புரிந்துவிடும்.

படி 7: படித்தல்

விடையைத் திறந்தவுடன் சட்டம் தொட்டில் போல வளைந்து தெரியலாம். பயப்பட வேண்டாம். பார்வைக்காகத் தொய்வைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு, எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

தொய்வு வேண்டுமென்றால் இசட் திசை இடப்பெயர்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். மேக்னிட்யூட் என்பது மூன்று திசை நகர்வுகளையும் சேர்த்த நீளம், எனவே துளி அதிகமாக இருக்கும். இசட் திசையில் கிட்டத்தட்ட 2.52 மி.மீ. கீழ்நோக்கி வரவேண்டும். காகிதத்தில் 2.50தானே? அந்தச் சூத்திரம் வளைவை மட்டும் கணக்கில் எடுக்கிறது, ஷியரால் வரும் சரிவை விட்டுவிடுகிறது. அதைத் தனியே போட்டால் 0.016 மி.மீ. வரும். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடிந்தால் அது பிழை இல்லை. சொல்ல முடியாத வித்தியாசம் சின்னதாக இருந்தாலும் அதை விடாதீர்கள்.

அடுத்து எதிர்விசைகள். கால்குலிக்ஸ் அவற்றைத் தனியே ஒரு டேட்டா கோப்பில் எழுதிவைக்கும், சாதாரண எழுத்துக் கோப்புதான். செங்குத்தாக 10,000, 10,000 என்று இருக்கவேண்டும். கூட்டுத்தொகை 20,000 இல்லையென்றால் சுமையைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். எக்ஸ் திசையில் கூட்டலும் கழித்தலுமாக 50,000 தெரிந்தால் வலது தாங்கியைப் பூட்டிவிட்டீர்கள். வேறொருவர் செய்த கணக்கைச் சரிபார்க்கச் சொன்னால் நான் வண்ணப் படத்துக்கு முன்னால் இந்தக் கோப்பைத்தான் கேட்பேன். படத்தில் தெரியாதது இங்கே தெரிந்துவிடும்.

கடைசியாகத் தகைவு. நடுவில் அடிப்பக்கம் 60 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஆனால் படத்தில் அதிகபட்சமாகச் சிவந்திருப்பது நடுப்பகுதியாக இல்லாமல் தாங்கிகளின் விளிம்பாக இருக்கக்கூடும். 10,000 நியூட்டனை நாம் கனமே இல்லாத ஒரு கோட்டில் தாங்கச் சொல்லியிருக்கிறோம். பரப்பு பூஜ்யம் என்றால் தகைவு எகிறத்தான் செய்யும். மெஷ்ஷை நுணுக்கினால் அந்தச் சிவப்பு இன்னும் ஏறும், எந்த எண்ணிலும் நிற்காது. நடுவில் உள்ள 60 நகராது. நுணுக்க நுணுக்க நிலைத்து நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறிக்கொண்டே போவது நாம் வைத்த தாங்கியின் கற்பனைத்தன்மை. அந்த இடத்தின் தகைவு உண்மையாகவே வேண்டுமென்றால், கோட்டுக்குப் பதிலாகத் தாங்கித் தகட்டின் அகலத்தை வரைந்து செய்ய வேண்டும்.

ஸ்டாட் புரோவிலிருந்து வருபவர்களுக்கு

கட்டடத் துறையில் பலருக்கு முதல் மென்பொருள் ஸ்டாட் புரோ. அங்கே உத்தரம் ஒரு திடப்பொருள் அல்ல, ஒரு கோடு. அந்தக் கோடு குறுக்குவெட்டின் நடுநிலை அச்சில், அதாவது வளையும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் இடத்தில், ஓடுகிறது. அங்கே இரண்டு முனைகளுக்கும் பின்ட் தாங்கி (சாய விடும், நகர விடாது) கொடுத்தாலும் விடை கெடாது, ஏனென்றால் சாதாரண நேரியல் கணக்கில் நடுநிலை அச்சு நீள்வதில்லை, தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இரு பக்கமும் பின்ட் போட்டுப் பழகிய கை, திட மாதிரிக்கு வந்ததும் இரண்டு அடி விளிம்புகளையும் பூட்டிவிடுகிறது. 2.5 வரவேண்டிய இடத்தில் 1.0 வந்து நிற்கும். திறமை உள்ளவர்களே இதில் விழுந்து பார்த்திருக்கிறேன், பழக்கம்தான் காரணம்.

ஸ்டாட் புரோவில் நம் சட்டத்தைப் போட்டுப் பார்ப்பவர்கள் இரண்டு இடங்களில் விழிப்பார்கள். ஒன்று, உத்தரத்தை ஒரே உறுப்பாக வரைந்து கணுக்களின் இடப்பெயர்ச்சி அட்டவணையைத் திறந்தால் செங்குத்துத் தொய்வு பூஜ்யம் என்று இருக்கும். கணுக்கள் முனைகளில் மட்டும்தானே இருக்கின்றன? உறுப்பின் இடைப்பட்ட இடப்பெயர்ச்சியைப் பார்க்கவேண்டும், அல்லது நடுவில் ஒரு கணு போடவேண்டும். இன்னொன்று, அங்கே எஃகின் இயல்பான யங் குணகம் 205 ஜிகாபாஸ்கல். அதை மாற்றாவிட்டால் 2.5க்குப் பதில் 2.45ஐ ஒட்டி வரும்.

2.5 மி.மீ. அதிகமா?

அது சட்டம் எதைத் தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. இந்திய எஃகு விதிநூலான ஐ.எஸ். 800, கட்டடங்களின் தளத்தையும் கூரையையும் தாங்கும் எளிய உத்தரங்களுக்கு, விரிசல் விழாத பூச்சு என்றால் நீளத்தில் 300இல் ஒரு பங்கு, விரிசல் விழக்கூடியது என்றால் 360இல் ஒரு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் 2000 மி.மீ. சட்டத்துக்கு 6.7 மி.மீ., 5.6 மி.மீ. நாம் இரண்டுக்கும் உள்ளேயே இருக்கிறோம். ஆனால் 0.5 மி.மீ. என்று தப்பாக வந்த விடையை நம்பி ஒருவர் சட்டத்தின் உயரத்தை 100லிருந்து 60 மி.மீ.க்குக் குறைத்தால்? உயரத்தின் மும்மடி கணக்கு, 4.6 மடங்கு. அவருடைய திரையில் 2.3 மி.மீ. என்று சமர்த்தாகத் தெரியும், கட்டடத்தில் 11.6 மி.மீ. தொய்ந்து, கீழே ஒட்டியிருக்கும் பூச்சு கோடு விடும்.

மேசை ஓரத்தில் ஒரு சோதனை

அடுத்த பயிற்சியாக ஒரு கேன்டிலீவரை, அதாவது ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு மறு முனை அந்தரத்தில் நிற்கும் சட்டத்தை, போட்டுப் பாருங்கள், அதுவும் நீங்கள் கையால் அளக்கக்கூடிய ஒன்றை. வீட்டில் இருக்கும் 30 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல் போதும். 250 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேசையின் ஓரத்தில் இறுகப் பிடித்து, முனையில் நூலைக் கட்டி 50 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். ஸ்கேல் 25 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனம் என்றால், விசை × நீளத்தின் மும்மடி ÷ (3 × யங் குணகம் × நிலைமத் திருப்புத்திறன்) என்ற சூத்திரம் 6.1 மி.மீ. என்கிறது. இதற்கு ஃப்ரீகேட்டில் ஃபிக்ஸட் பொத்தான் சரியான பொத்தான்; ஒரு முனை முகத்தில் மட்டும். மறு முனையில் 0.49 நியூட்டன் விசை.

ஸ்கேல் தன் சொந்த எடையிலேயே 2 மி.மீ.க்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். எனவே எடை கட்டுவதற்கு முன்பும் பின்பும் முனையின் உயரத்தை அளந்து வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்.

அளந்த எண் 6.1ஆக வராது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். கனத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள், 1 மி.மீ. என்று நினைத்தது 0.9ஆக இருந்தால் அதுவே 8.4 மி.மீ. அதைத் திருத்திய பிறகும் அதிகமாக வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்காதீர்கள், மேசை ஓரத்தைப் பாருங்கள். எடையை ஏற்றும்போது உள்ளங்கைக்கு அடியில் ஸ்கேல் 1 டிகிரி சாய்ந்துகொடுத்தாலே முனை 4.4 மி.மீ. கூடுதலாக இறங்கிவிடும். கையை எடுத்துவிட்டு, மேலே ஒரு மரக்கட்டையை வைத்து, தச்சரின் கிளாம்பால் இறுக்கிவிட்டு இன்னொரு முறை அளங்கள்.